மூளையின் இரத்தக் குழாய்களுக்குக் கரைந்து மறையும் தாங்கிகள்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் உள்ள டாலிகஞ்ச், ஒரு கால்வாயினால் பெயர் பெற்ற பேட்டையாகும். ஹூக்ளி நதியின் பழைய போக்கான ஆதி கங்கை, வண்டல் படிந்து தூர்ந்து கிடந்த காலத்தில், வில்லியம் டாலி என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1775-ஆம் ஆண்டில் அதைத் தோண்டிச் சீர்படுத்தத் தொடங்கினார். 1777-ல் அது படகுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. படகுகளிடம் சுங்கம் வசூலிக்கவும், கரையில் சந்தை ஏற்படுத்தவும் அவருக்கு உரிமை அளிக்கப்பட்டது. 'கஞ்ச்' என்றால் சந்தை. டாலியின் சந்தையே டாலிகஞ்ச் ஆயிற்று.

அக்கால்வாய் பிற்காலத்தில் மீண்டும் தூர்ந்து குறுகிவிட்டது. 2009-ஆம் ஆண்டில் டாலிகஞ்சுக்குத் தெற்கே நீட்டிக்கப்பட்ட மெட்ரோ ரயில் பாதையின் ஒரு பகுதி அதன் மேலாகவே செல்கிறது. பாதையைத் தாங்கும் கான்கிரீட் தூண்கள் கால்வாயின் படுகையிலேயே ஊன்றப்பட்டுள்ளன. ரயிலுக்கு அத்தூண்கள் என்றென்றும் வேண்டும். நீரோட்டத்துக்கோ அவை நிரந்தரமான இடையூறு. ஓடுகின்ற நீரின் நடுவே எப்பொருளை நட்டாலும் அதன் அடியில் சேறும் குப்பையும் தங்குவது இயல்பே.

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களைச் செப்பனிட முயலும் விஞ்ஞானிகளின் முன்னே நிற்பதும் ஏறக்குறைய இதே சிக்கல்தான். குறுகிய குழாயை விரித்துவிட்டால், அது மறுபடியும் சுருங்காதபடி உள்ளே ஒரு தாங்கி வேண்டும். ஆனால் அத்தாங்கி சில மாதங்களுக்கே தேவைப்படுகிறது. அதன் பின்னர் அது ஓட்டத்தின் நடுவே நட்ட தூணாகிவிடுகிறது. வேலை முடிந்ததும் தானாகவே கரைந்து மறையும் தாங்கியைச் செய்ய இயலுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூளையின் எடை உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். எனினும் இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதற்கே செல்கிறது. மூளைக்குத் தன் உணவைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. ஆகவே இரத்த ஓட்டம் சில நிமிஷங்கள் நின்றாலும் அப்பகுதியின் உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன. இதுவே பக்கவாதம் என்று பொதுவாக வழங்கும் நோயின் முக்கிய காரணம். குழாய் அடைபடுவதற்குப் பதிலாக வெடித்துக் கசிவதாலும் பக்கவாதம் உண்டாகும்.

இந்நோயின் கொடுமையை அளந்து காட்டிய ஆய்வுகளில் ஒன்று கொல்கத்தாவிலேயே நடைபெற்றது. பாங்கூர் நரம்பியல் நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2003 மார்ச் முதல் 2005 பிப்ரவரி வரை, நகரவாசிகளில் 52,377 பேரை வீடுவீடாகக் கணக்கெடுத்துத் தொடர்ந்து கவனித்தனர். வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்ததில், ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் 145 பேர் முதன்முறையாகப் பக்கவாதத்துக்கு ஆளாவது தெரிந்தது. அவ்வாறு நோயுற்றவர்களில் நூற்றுக்கு 41 பேர் முப்பது நாட்களுக்குள் உயிரிழந்தனர். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை மாத்திரம் எண்ணாமல், வீட்டிலேயே கிடந்தவர்களையும் எண்ணியதால் வெளிவந்த உண்மை இது. களப் பணியாளர்களின் கால்நடையான உழைப்பு இல்லாவிடில் இவ்வெண்ணிக்கை கிடைத்திராது.

பக்கவாதத்தின் காரணங்கள் பல. அவற்றுள் மண்டை ஓட்டுக்குள் இருக்கும் குழாய்களின் உட்சுவரிலேயே கொழுப்பு படிந்து வழி குறுகுவதும் ஒன்று. ஐரோப்பியரைக் காட்டிலும் ஆசிய நாட்டவரிடம் இது மிகுதியாகக் காணப்படுவதால் நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. மற்றொன்று, குழாயின் சுவர் ஓரிடத்தில் பலவீனமுற்று, சைக்கிள் டியூப் புடைப்பது போல் ஒரு சிறு பையாக வீங்கி, பின்னர் வெடிப்பது. முன்னதில் தாங்கி வழியைத் திறந்து வைக்கிறது. பின்னதில், நெருக்கமாகப் பின்னப்பட்ட வலைக்குழாய் வீக்கத்தின் வாயை மறைத்து, இரத்தத்தை நேர்வழியே திருப்பி அனுப்புகிறது. இத்தகைய உட்குழாய்கள் யாவும் 'ஸ்டென்ட்' என்றே வழங்கப்படுகின்றன. பற்களின் அச்செடுக்க ஒருவகைக் கலவையைச் செய்த சார்லஸ் ஸ்டென்ட் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் பல் வைத்தியரின் பெயரே சுற்றிவளைத்து இதற்கு வந்து சேர்ந்தது என்பர்.

மூளைக் குழாய்களுக்கு உலோகத் தாங்கிகள் முன்னரே வந்துவிட்டன. ஆயினும் அவற்றின் அனுபவம் மகிழ்ச்சி தருவதாக இல்லை. அமெரிக்காவில் நடந்த 'சாம்ப்ரிஸ்' என்னும் ஒப்பாய்வில், மூளைக் குழாய் குறுகிய 451 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மருந்தும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் மாத்திரம். மறு பிரிவினருக்கு அவற்றுடன் நிக்கல்-டைட்டானியத் தாங்கியும் வைக்கப்பட்டது. முப்பது நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 5.8 பேர், தாங்கிப் பிரிவில் 14.7 பேர். 2011-ல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. நோயாளியைக் காக்க வந்த கருவியே அவருக்குத் தீங்காகலாம் என்பதை இவ்வெண்கள் உணர்த்தின. பின்னர், நோயாளிகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தபோது கேடு குறைந்ததென வேறோர் ஆய்வு காட்டிற்று. எனினும் இவ்வகை நோய்க்கு முதற் சிகிச்சை மருந்தே என்ற நிலை மாறவில்லை.

அத்தீங்கின் பெரும்பகுதி தாங்கியைக் கொண்டுபோய் வைக்கும் வேளையிலேயே நேர்ந்தது. தாங்கி கரைவதாக இருந்தால் மட்டும் அது நீங்கிவிடாது. உலோகம் நிரந்தரமாக இருப்பதால் விளையும் கேடுகள் வேறு. அதன்மேல் இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் முதலிய மருந்துகளை நெடுங்காலம் உண்ண வேண்டும். அவை வேறிடத்தில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். உலோகக் கம்பிகளுக்கிடையே தசை வளர்ந்து குழாய் மீண்டும் குறுகுவதுண்டு. அவ்விடத்தில் மறுபடியும் சிகிச்சை செய்வதும் கடினமாகும்.

இனி, கரையும் பொருளைப் பற்றிப் பார்ப்போம். பால் புளித்துத் தயிராகும்போது உண்டாகும் லாக்டிக் அமிலத்தை யாவரும் அறிவர். கடுமையாக ஓடினால் நமது தசைகளிலும் அதுவே உண்டாகிறது. ஆகவே உடலுக்கு அது அந்நியப் பொருளன்று. இந்த அமிலத்தின் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் மணிகளைப் போல் கோத்தால் நீண்ட சங்கிலிகளாகிய ஒரு கெட்டிப் பொருள் கிடைக்கிறது. இவ்வாறு ஒரே வகைச் சிறு மூலக்கூறுகளைக் கோத்துப் பெறும் பொருள்களுக்குப் பாலிமர் என்று பெயர். லாக்டிக் அமிலத்திலிருந்து கிடைப்பது பாலிலாக்டிக் அமிலம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிரிக்க வேண்டாத தையல் நூலைக் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் கண்டிருப்பர். அந்நூலும் இதன் உறவினமான பாலிமரால் ஆனதே.

இச்சங்கிலியின் கண்ணிகள் நீரினால் அறுபடக் கூடியவை. உடலின் நீர் மெல்ல மெல்லப் பாலிமரின் உள்ளே புகுந்து கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. முதலில் சங்கிலிகளின் நீளம் குறைகிறது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் மாற்றம் எதுவும் தெரியாது. அடுத்துப் பொருளின் வலிமை குன்றுகிறது. கடைசியில்தான் எடை குறைகிறது. கறையான் அரித்த உத்தரம் உருவம் மாறாமல் நின்றிருந்து, பின்பு ஒருநாள் நொறுங்குவதை இதற்கு ஒப்பிடலாம். தாங்கி சுமார் ஆறு மாதங்கள் குழாயைத் தாங்கி நிற்கவும், இரண்டு மூன்று ஆண்டுகளில் முற்றிலும் கரையவும் வேண்டும் என்பதே இத்துறையில் பொதுவாக வகுத்த கணக்கு. விடுபட்ட லாக்டிக் அமிலத்தை உடல் எரித்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேற்றிவிடுகிறது.

இது வெறுங் கற்பனை அன்று. ஜப்பானில் இகாகி, தமாய் என்னும் இருவர் பெயரால் வழங்கும் பாலிலாக்டிக் தாங்கி 1998-ஆம் ஆண்டு முதல் மனித இருதயக் குழாய்களில் வைக்கப்பட்டது. மனிதரிடம் பயன்பட்ட முழுதும் கரையும் தாங்கிகளில் அதுவே முதன்மையானது. பின்னர் அமெரிக்கக் கம்பெனி ஒன்று செய்த 'அப்ஸார்ப்' என்னும் தாங்கி 2016 ஜூலையில் அந்நாட்டின் அனுமதியைப் பெற்றது. இது நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்திருந்தது. ஆனால் மூன்றாண்டுக் கண்காணிப்பில் உலோகத் தாங்கி பெற்றவர்களில் நூற்றுக்கு 0.7 பேருக்குத் தாங்கியில் இரத்தம் உறைந்திருக்க, கரையும் தாங்கி பெற்றவர்களில் 2.3 பேருக்கு அவ்வாறு நேர்ந்தது. 2017 செப்டம்பரில் அதன் விற்பனை உலகெங்கும் நிறுத்தப்பட்டது.

இத்தோல்வியின் காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாலிலாக்டிக் அமிலத்தின் விறைப்பு, எஃகின் விறைப்பில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்குதான். மூங்கிலைக் கொண்டு இரும்புத் தூணின் வேலையை வாங்க வேண்டுமானால் அதைப் பருமனாக வைக்க வேண்டும் அல்லவா? அவ்வாறே அப்ஸார்ப் தாங்கியின் கம்பிகள் சுமார் 150 மைக்ரான் பருமனாக இருந்தன. அக்காலத்து உலோகத் தாங்கிகளில் இது 100 மைக்ரானுக்கும் குறைவு. பருமனான கம்பி ஓட்டத்தில் சுழலை உண்டாக்குகிறது. சுழலில் இரத்தம் தேங்கி உறைகிறது. அன்றியும், குழாயின் உட்தோல் கம்பியின் மேல் வளர்ந்து மூடுவதற்கு முன்பே அது உடைந்தால், அதன் முனைகள் ஓட்டத்தின் நடுவே நீட்டிக்கொண்டு நிற்கும். குஜராத்தின் வாபியில் உள்ள மெரில் நிறுவனம் செய்த 'மெரெஸ் 100' என்னும் இந்தியத் தாங்கியில் கம்பியின் பருமன் 100 மைக்ரானாகக் குறைக்கப்பட்டது. 2015-ல் அதை முதன்முறையாக மனிதரிடம் சோதிக்கும் ஆய்வு நம் நாட்டில் தொடங்கிற்று. இதுவும் இருதயத்துக்குரியதே.

இருதயத்தில் இவ்வளவு தொல்லை தந்த பொருளை மூளைக்குக் கொண்டு செல்வது இன்னும் கடினம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் போட்டுக் காட்டக் கூடிய ஒரு கணக்கு இதை விளக்கும். ஒரே அழுத்தத்தில் ஒரு குழாயில் பாயும் நீர்மத்தின் அளவு, அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிறது. மூளையின் நடுத் தமனி சுமார் 2.5 முதல் 3 மி.மீ. விட்டம் உடையது. 2.5 மி.மீ. குழாயின் உட்புறம் முழுவதும் 0.15 மி.மீ. கனத்துக்கு ஒரு பூச்சு பூசியதாகக் கொண்டால், விட்டம் 2.2 மி.மீ. ஆகிறது, ஓட்டம் நூற்றுக்கு 60 ஆகக் குறைகிறது. பூச்சு 0.06 மி.மீ. கனமானால் 82 எஞ்சுகிறது. தாங்கி முழுப் பூச்சாக இல்லாமல் வலையாக இருப்பதாலும், குழாயைச் சிறிது விரித்து வைப்பதாலும் உண்மையான இழப்பு இதனினும் குறைவே. எனினும் கம்பி ஒவ்வொரு மைக்ரான் மெலிவதற்கும் ஏன் இத்தனை பாடுபடுகின்றனர் என்பது இதிலிருந்து விளங்கும்.

மேலும், மூளைக் குழாய்கள் பாம்பு நெளிவதுபோல் வளைந்து செல்பவை. அவற்றின் சுவர் மெல்லியது. இருதயக் குழாய்களைப் போலச் சுற்றிலும் தசை அணைத்துத் தாங்குவதுமில்லை. அவற்றிலிருந்து தலைமயிரைச் சற்று ஒத்த நுண்ணிய கிளைகள் பிரிந்து மூளையின் ஆழத்துக்குச் செல்கின்றன. ஒரு பருத்த கம்பி அக்கிளையின் வாயில் அமர்ந்துவிட்டால், பெரிய குழாய் திறந்திருந்தும் ஒரு கையோ காலோ செயலற்றுப் போகலாம். கரையும்போது உதிரும் ஒரு சிறு துணுக்கும் மூளையில் மற்றோர் அடைப்பாகும். இவற்றுடன், பாலிமரை எக்ஸ்-ரே ஊடுருவிச் செல்வதால், மருத்துவர் திரையில் அதைக் காண இயலாது. ஆகவே பிளாட்டினம் போன்ற கன உலோகத்தின் நுண்புள்ளிகளை அதில் பதிக்க வேண்டியுள்ளது.

நம் நாட்டில் மூளைக் குழாய்களுக்கான ஸ்டென்ட் ஆராய்ச்சியில் குறிப்பிடத்தக்க பணி திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப ஸ்தாபனத்தில் நடைபெற்றுள்ளது. மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்ப இலாகாவைச் சார்ந்த இந்த ஸ்தாபனமே முன்னர் செயற்கை இருதய வால்வைச் செய்து, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. அவ்வால்வின் கதை ஈண்டு நினைவுகூரத் தக்கது. முதல் மாதிரி டைட்டானியத்தால் செய்யப்பட்டது, அது பயன்படவில்லை. பின்னர் வந்த மாதிரியில் நீலக்கல் வட்டு வைக்கப்பட்டு, அதுவும் சோதனையில் கைவிட்டது. கோபால்ட் கலப்புலோகச் சட்டமும் பாலிஎத்திலீன் வட்டும் கொண்ட நான்காவது மாதிரியே வெற்றி பெற்றது. இன்று அவ்வால்வு லட்சத்துக்கு மேற்பட்டோரின் இருதயத்தில் இயங்கியுள்ளது.

இதே ஸ்தாபனம், பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வுக்கூடத்துடன் சேர்ந்து, மூளைக் குழாயின் வீக்கத்தைத் தடுக்கும் ஓட்டம் திருப்பும் வலைக்குழாய் ஒன்றை உருவாக்கி 2020-ல் வெளியிட்டது. ஆய்வுக்கூடம் விமானத் துறைக்கென வளர்த்த நிக்கல்-டைட்டானியக் கலப்புலோக அறிவு இங்கே பயன்பட்டது. இவ்வுலோகம் எவ்வளவு வளைத்தாலும் விட்டவுடன் பழைய வடிவுக்கே திரும்பும் தன்மையுடையது. 180 பாகை மடக்கினாலும் உள்வழி மூடாதபடி வலையின் பின்னல் அமைக்கப்பட்டுள்ளது. எக்ஸ்-ரேயில் தெரிவதற்காகச் சில கம்பிகள் வேறு வகையாகச் செய்யப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் இதன் தொழில்நுட்பம் புனேயிலுள்ள பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. இறக்குமதியாகும் இத்தகைய வலைக்குழாய் ஒன்றின் விலை அப்போது 7 முதல் 8 லட்சம் ரூபாய் எனக் கூறப்பட்டது. ஒரு பள்ளி ஆசிரியரின் குடும்பம் இத்தொகையை எவ்வாறு திரட்டும் என்பதை எண்ணிப் பார்த்தாலே உள்நாட்டு முயற்சியின் அவசியம் புலனாகும். இருதய ஸ்டென்டுகளுக்கு 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு விலை விதித்தபோது, மருந்து பூசியவையும் கரைபவையும் 29,600 ரூபாய் என ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. மூளைக் குழாய்க்கானவை அக்கட்டுப்பாட்டில் சேரவில்லை.

சித்திரை வலைக்குழாய் உலோகத்தால் ஆனது, கரையாதது. ஆயினும் பாலிமர் தாங்கிக்கு வேண்டிய படிகளில் சில, அதாவது மெல்லிய இழையைப் பின்னுதல், வளைவில் மடங்காமல் காத்தல், மென்மையான வடிகுழாயின் உள்ளே சுருக்கிச் செலுத்துதல் ஆகியவை, இரண்டுக்கும் பொதுவானவை. வீக்கத்தின் வாயை மூடும் வேலைக்குக் கரையும் பொருள் தகுந்ததென எண்ணவும் காரணமுண்டு. குறுகிய குழாயை விரித்து நிறுத்தும் அளவு பலம் இங்கே வேண்டியதில்லை. வீக்கத்தின் வாயில் புதுத் தோல் வளர்வதற்கு ஒரு சாரமாக நின்றால் போதும். அத்தோல் வளர்ந்தபின் சாரத்துக்கு வேலை இல்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் பாலிலாக்டிக் இழைகளால் பின்னிய இத்தகைய வலைக்குழாயை முயல்களிடம் சோதித்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டனர். இதில் தோன்றும் புதுத் தொல்லை என்னவெனில், பாலிமர் இழையைச் சுருக்கி நெடுநேரம் வடிகுழாயில் வைத்திருந்தால் அது அந்தச் சுருக்கத்துக்கே பழகிவிடுகிறது. வெளியே விட்டதும் முழுதும் விரிவதில்லை. பழைய பாயைச் சுருட்டியே வைத்திருந்தால், பிரித்த பின்னும் ஓரம் சுருண்டு கொள்வது போன்றதே இது.

இவை யாவும் எதிர்காலத்துக்குரியவை. இன்று ஒரு கிராமத்திலோ நகரத்திலோ ஒருவருக்குத் திடீரென வாய் ஒருபுறம் கோணினால், ஒரு கை தளர்ந்து விழுந்தால், பேச்சு குழறினால், அவரை மீட்கும் சாதனம் காலமே. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஊசி மூலம் செலுத்த வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் படம் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என உறுதி செய்தாக வேண்டும். ஆதலால் களப் பணியாளர் செய்யத் தக்கது, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வாயில் உணவோ நீரோ மாத்திரையோ கொடாமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புவதாகும். மேற்கு வங்கத்தில் 'சுவாஸ்த்ய இங்கித்' என்னும் தொலைமருத்துவ ஏற்பாட்டின் மூலம், பாங்கூர் நரம்பியல் நிலையத்தின் நிபுணர்கள் வெளியூர் மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்களைப் பார்த்து அங்குள்ள மருத்துவர்களுக்கு உடனுக்குடன் யோசனை கூறுகின்றனர்.

கரையும் தாங்கியின் ஆராய்ச்சியிலோ காலத்தைச் சுருக்க வழியில்லை. உலோகத்தின் களைப்பை அறிய, இயந்திரத்தில் வைத்துக் கோடிக்கணக்கான நாடித் துடிப்புகளைச் சில மாதங்களிலேயே கொடுத்துவிடலாம். பாலிமர் கரைவதை அவ்வாறு விரட்ட முடிவதில்லை. வெப்பத்தை உயர்த்தினால் விரைவில் கரையும் என்பது மெய்தான். ஆனால் பாலிலாக்டிக் அமிலம் 60 சென்டிகிரேடு பாகையை நெருங்கும்போது இளகித் தன் இயல்பே மாறிவிடுவதால், அங்கு கண்டது உடலில் நிகழ்வதைச் சரியாகக் காட்டாது. ஆகவே உப்புக் கரைசல் நிரப்பிய சிறு குப்பிகளில் தாங்கிகளை இட்டு, உடலின் வெப்பமாகிய 37 பாகையில் வைத்து, மாதந்தோறும் ஒன்றை எடுத்து அதன் பலத்தையும் எடையையும் அளக்கின்றனர். மூன்று ஆண்டுகளில் கரையும் தாங்கியை மூன்று ஆண்டுகள் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.